மில் சேலை கட்டிய பேய்

பேய்ப் படம் பயமுறுத்தும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். விளம்பரத்தில் எவ்வளவுக்கெவ்வளவு அலறுகிறார்களோ, அவ்வளவுக்கவ்வளவு படம் சப்பென்று இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் திருத்தணிக்கு வந்த ஒரு படத்தோடு எனக்கு இந்த விஷயம் தெளிவாகிவிட்டது. அதற்குப் பிறகு என் கருத்தை மாற்ற ஒரு படமும் வரவில்லை.

அந்தப் படத்துக்குச் செய்த ஆர்ப்பாட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மாட்டுவண்டியில் பாடை கட்டி, முகத்தில் சுண்ணாம்பு பூசிய ஆளை அதில் படுக்கவைத்து, பஜாரிலிருந்து மலையடிவாரம் வரை ஒலிபெருக்கியோடு ஊர்வலம் விட்டார்கள். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த கூட்டமே ஒதுங்கி நின்று பார்த்தது. "கர்ப்பிணிகளும் இதயம் பலவீனமானவர்களும் வரவேண்டாம்" என்று நோட்டீஸ் வேறு. அரக்கோணத்தில் ஒருத்தர் மயங்கி விழுந்தார் என்றார்கள். அரக்கோணத்தில் போய்க் கேட்டிருந்தால் சோளிங்கரைக் கைகாட்டியிருப்பார்கள்.

நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை அதே ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்று, தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை வீட்டில் எதற்கெடுத்தாலும் தடை. உச்சிவேளையில் வெளியே போகாதே, நெசவுத் தறியின் குழியில் இறங்காதே என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கே உள்ளுக்குள் உதறல். இரண்டு நாளாகக் குழந்தை அசையவில்லை. லேடி டாக்டர் மறுநாள் காலையில்தான் வருவார். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வீட்டில் அப்போதே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

சும்மா படுத்து வயிற்றையே கவனித்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "பாவா, மேட்னிக்குப் போலாமா?" என்றேன் கணவரிடம். அத்தை மகனைத்தான் கட்டியிருந்தேன்.

"நோட்டீஸ்ல இன்னா போட்டுக்கீதுன்னு படிச்சியா?" என்றார் அவர்.

மாமியாரான என் அத்தை தறிக்கான நூலை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டையை நிறுத்தினார். "அவ வரட்டும்டா. நானும் கூட வரேன். எந்தப் பேய் இன்னா பண்ணிடும்னு பாக்கறேன்" என்று சொல்லி, வேப்பிலைக் கொத்து ஒன்றை என் தலையில் செருகினார். தடை போடுவதில் முதல் ஆளான அத்தை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம். சினிமாப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையில் பாவா ஆண்கள் பக்கம் போய்விட்டார். நானும் அத்தையும் பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அது தெலுங்குப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்தது. எங்கள் வீட்டில் தெலுங்கும் புழங்குவதால் எனக்கு உதட்டசைவும் புரிந்தது. "என்னிடமிருந்து தப்பவே முடியாது!" என்று பேய் தமிழில் உறுமியது. அதன் வாயோ "எக்கடிகி போத்தாவு?" என்றது. எங்கே போவாய் என்று அர்த்தம். பிறந்த ஊரான பள்ளிப்பட்டில் நான் வீட்டை விட்டு நழுவும்போதெல்லாம் என் அம்மா கேட்ட அதே கேள்வி. அதற்கு எப்படிப் பயப்படுவது?

அத்தை பேயின் வெள்ளைச் சேலையையே உற்றுப் பார்த்தார். "மில்லு துணி. பேய்கூட கைத்தறி வாங்க மாட்டேங்குது பாரு" என்றார். முன்பெஞ்சுப் பெண் திரும்பி முறைத்தாள். சுற்றிலும் பலர் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார்கள். ஒரு வாரமாக ஒலிபெருக்கி ஏற்றிவிட்ட பயத்தை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். நானும் என்னுடையதைக் கொண்டுவந்திருந்தேன். சிரித்தேனே தவிர, கை வயிற்றை விட்டு நகரவில்லை. இடைவேளையில் பாவா வாங்கித் தந்த முறுக்கை அப்படியே அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பாழுங்கிணற்றிலிருந்து பேய் எழும்பும் கட்டம் வந்தது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த மகா பயங்கரம் அதுதான். கட்டி இழுக்கும் நூல் எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஆபரேட்டர் சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார். மேளமும் அலறலும் சேர்ந்து தகரக் கூரையே அதிர்ந்தது. கொட்டகை மொத்தமும் கத்தியது. என் உள்ளங்கைக்குக் கீழே ஓர் உதை விழுந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு உதை. வாய்விட்டு அழுதுவிட்டேன். முன்பெஞ்சுப் பெண், "அதான் வராதேன்னு சொன்னாங்களே" என்றாள். அத்தையின் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். அதன் பிறகு அவர் கையை எடுக்கவேயில்லை. படம் எப்படி முடிந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

வாசலில் பாவா காத்திருந்தார். வீங்கிய என் முகத்தைப் பார்த்ததும், "பயந்துட்டியா? நான் அப்பவே சொல்லல?" என்றார்.

அத்தை முந்திக்கொண்டார். "ஆங், பயந்துகினுதான் இருந்தா. ரெண்டு நாளா. இப்ப ஒண்ணும் இல்ல, நட."

இரண்டு நாள் என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை.