இரண்டு விசிலுக்குப் பிறகு

இரண்டு விசில் கொடுத்தால் வண்டி கிளம்ப வேண்டும். கண்டக்டர் வேலைக்கு அதுதான் அரிச்சுவடி. நான் கொடுத்துவிட்டேன், வண்டி உறுமிக்கொண்டே நின்றது. எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட் காலி. மனுஷன் கீழே இறங்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயரின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். பஞ்சர் போலிருக்கிறது என்று நானும் இறங்கிப் போனேன். டயரில் ஒன்றுமில்லை. “இன்னாண்ணா?” என்றேன். “ஒண்ணுமில்லப்பா, நீ ஏறு” என்று எழுந்து, காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஆரணியிலிருந்து செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போகும் தனியார் பஸ் அது. எழுபதுகளின் கடைசி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.

அந்த வாரத்துக்குள்ளேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் எந்த ரகசியம்தான் தங்கும்? நான் சேர்வதற்கு முந்தின வருஷம், செய்யாற்றுக்கு இப்பால் ஒரு நிறுத்தத்தில் நெசவுக்கார அம்மா ஒருவர் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கையில் சாயம் போட்ட பட்டு நூல் பை. அப்போதிருந்த கண்டக்டர் கூட்டத்தில் சரியாகப் பார்க்காமல் இரண்டு விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. அந்த அம்மா பின்சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனார். டிரைவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது சக்கரம் முழுக்க அரக்கு நிற நூல் சுற்றிக் கிடந்ததாம். டிரைவர் மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அந்தக் கண்டக்டர் ஊரை விட்டே போய்விட்டார். இவர் கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி அதே வண்டிக்கு, அதே ரோட்டுக்கு வந்தார். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை அது.

பயந்துபோனவர் என்றால் எப்போதும் பயப்பட வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. ஆடி மாசக் கோயில் கூட்டம், படியில் ஆள் தொங்குகிறது, கூரையில் களம்பூர் அரிசி மூட்டை, சேலை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நெசவாளிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு நம்மாள் ராஜா மாதிரி ஓட்டுவார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இன்னா தம்பி, விசில் அடிக்கிறியா, பீப்பி ஊதறியா?” என்று கிண்டல் வேறு. விபத்து நடந்த இடத்தைத் தாண்டும்போது பீடிகூடக் கேட்பார். அடுத்த நாள் வண்டியில் ஆளே இருக்காது, வெயில் சாந்தமாக இருக்கும். இரண்டு விசில் கொடுத்தால் கியரைப் போடாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் திரும்பி என்னைப் பார்த்து, “இப்ப விசில் குடுத்தியா, இல்ல எனக்கு மட்டும் கேட்டுச்சா?” என்றார். நான் கொடுக்கவே இல்லை.

ஒரு கணக்கு வேண்டாமா எதற்கும்? நானும் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தேன். அமாவாசையோ என்று நினைத்தேன். அடுத்த அமாவாசைக்கு அவர் பாட்டு முனகிக்கொண்டே ஓட்டினார். மழையோ என்றால் மழையிலும் நன்றாகத்தான் இருந்தார். அரக்கு நிற நூலைப் பார்த்தால்தான் வருகிறது என்று நினைத்து, அந்த நிறத்தில் பை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் கெஞ்சி அதைச் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். “பட்டுய்யா, கால் படற எடத்துல வெக்கறதா?” என்று அந்த அம்மா என்னைக் கிழிகிழி என்று கிழித்தார். அன்றைக்கு டிரைவர் பையையும் பார்த்தார், சண்டையையும் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பேஜார்.

ஊரில் ஆளுக்கொரு தீர்ப்பு. டீக்கடைக்காரர் குடி என்றார். மெக்கானிக் செய்வினை என்றார். காத்திருந்து சலித்த பயணிகள் டிராமா என்றார்கள். உண்மையைச் சொன்னால் சில நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று முழுக்க நன்றாக இருந்தவருக்கு இன்றைக்கு மட்டும் என்ன கேடு? கோபம் வரும். அடுத்த நிமிஷமே அவர் முகத்தைப் பார்த்தால் அந்தக் கோபம் போன இடம் தெரியாது. அவர் மனைவி ஒருநாள் டிபன் கேரியரோடு ஸ்டாண்டுக்கு வந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “நேத்து புள்ளைங்களோட சினிமாவுக்குப் போயி சிரிச்சிகினு வந்தாருங்க. காலைல எழுந்தா மொகமே வேற. நான் இன்னாங்க பண்ணட்டும்? நல்லா இருக்கிறாருன்னு சந்தோஷப்படக்கூட பயமா இருக்குது.” கேரியரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வண்டி நேரம் தவற ஆரம்பித்தது. நாங்கள் ஐந்து நிமிஷம் நின்றால் பின்னால் வரும் பஸ்காரன் நம் ஆட்களை எல்லாம் வாரிக்கொண்டு போவான். இன்னொரு முறை லேட் ஆனால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். டிரைவரை வண்டியிலிருந்து இறக்கினால் மனுஷன் உடைந்துபோவார் என்று எனக்குப் பயம். இறக்காவிட்டால் என்றைக்காவது நடுரோட்டில் இப்படி ஆகி வண்டி எதன்மேலாவது போய் ஏறுமோ என்று அதைவிடப் பயம். ஒரு மாசம் ஷெட்டில் வேலை கொடுங்கள், ஆறட்டும் என்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கண்ணால் பார்க்கிறேன் என்று மறுநாள் முன்சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து டிரைவர் ஓட்டினாரே ஒரு ஓட்டு! மடியில் வைத்த தம்ளர் காபி தளும்பாது. எல்லா நிறுத்தத்திலும் இரண்டாவது விசில் அடங்குவதற்குள் வண்டி நகர்ந்தது. காஞ்சிபுரத்தில் இறங்கும்போது முதலாளி என் காதருகே, “அவன் மேல உனக்கு இன்னாடா பொறாமை?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாளே, காலை டிரிப்பில், வயல்வெளி நடுவே ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் பின்சக்கரத்தடியில். இந்த முறை விரல் நுனியால் டயரிலிருந்து எதையோ பிரித்துப் பிரித்து எடுப்பது போல இருந்தது. வண்டிக்குள் ஜனங்கள் கத்துகிறார்கள். “ஜல்தி எடுய்யா வண்டிய!” நான் போய் அவர் பக்கத்தில் குந்தினேன். “நூல் இல்லண்ணா” என்றேன். “தெரியும்பா” என்றார். “நேத்து ஓட்டினவன் யாரு, இன்னிக்கி இங்க ஒக்காந்துகினு இருக்கிறவன் யாரு? எனக்கே வெளங்கல. ஊர்ல நடிப்புன்னு சொல்றாங்க. எனக்கும் சில நேரம் அப்பிடித்தான் தோணுது. நீ கூடவே கீறியே, நீ சொல்லு. நான் நடிக்கிறனா?” “நடிக்கிறவன் இதக் கேக்க மாட்டாண்ணா” என்றேன். அவர் காக்கிச் சட்டையில் கையைத் துடைத்தார். பிறகு எழுந்து போய் வண்டியை எடுத்தார். அன்றைய லேட்டுக்குப் பஞ்சர் என்று முதலாளியிடம் நான் பொய் சொன்னேன்.

இப்போது டி.வி.யில் டாக்டர்கள் வந்து சொல்கிறார்கள். பெரிய அதிர்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இது ஏறும், இறங்கும், நன்றாக இருக்கும் நாளும் பொய்யில்லை, மோசமான நாளும் பொய்யில்லை என்று. சரி, சொல்லட்டும். அன்றைக்கு ஆரணியில் எங்களுக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் ஒரு விஷயம் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அதன் பிறகு பத்து, பதினைந்து நாள் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முகம் தெளிந்துவிட்டது. ஒரு நாள்கூட லேட் இல்லை. கண்டம் கழிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் சொன்ன நேரத்துக்கு ஆரணி ஸ்டாண்டில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நேரே முதலாளியின் மேஜைக்குப் போய்ச் சாவியை வைத்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“இன்னாய்யா, இப்பல்லாம் நல்லாத்தானே ஓட்டிகினு இருக்கிறே?” என்றார் முதலாளி.

“அதனாலதாங்க. கெட்ட நாள்ல சாவியக் குடுத்தா பயந்து ஓடிட்டேன்னு சாகறவரைக்கும் என்னையே ஏசிகினு இருப்பேன். நாளைக்கு எப்பிடி இருப்பேன்னு எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்கி நான் நல்லா இருக்கிறேன். இன்னிக்கே எறங்கிடறேன்.”

எனக்கு வந்ததே ஆத்திரம். “நல்லா ஓட்டறப்பவே போறியேண்ணா, உனக்கு இன்னா பைத்தியமா?” என்று கத்திவிட்டேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு வெளியே இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார். முதலாளி விளக்கம் கேட்பது போல என் முகத்தைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஜனம் ஏறி உட்கார்ந்துவிட்டது, ஓட்டத்தான் ஆள் இல்லை.