ஆடிக் காற்றுக்குக் காத்திருந்த வண்டி

எங்கள் குடும்பத்தில் ஆடிக் காற்றைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்பா, அம்மா, மாமா மூவரும் மலேசியாவில், ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இங்கே ஆடி மாதம் என்றால் மாசாய் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் புழுங்கும், அவ்வளவுதான். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் பறப்பதற்கு அம்மியும் கிடையாது, அம்மா பிளெண்டரில்தான் அரைப்பார். அப்படியிருந்தும் அந்தப் பழமொழியை நம்பி ஒரு வருடம் நாங்கள் காற்றுக்காகக் காத்திருந்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பாசிர் கூடாங் பக்கத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டர். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இருட்டிய பிறகு இரும்பு வாசனையோடு திரும்புகிறவர் திடீரென்று பகலெல்லாம் வீட்டில் இருந்தார். வேலைக்குப் போட்டுப்போகும் கனத்த காலணி வலது கால் பெருவிரலை உரசிப் புண்ணாக்கியிருந்தது. அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி என்று அம்மா சொன்னார். இனிப்பான ஒன்று எப்படி நோயாக முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட வேண்டும், இப்போதே எடுத்தால் கால் தப்பும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்து, எனக்கு வண்டி செய்ய உட்கார்ந்துவிட்டார்.

பேரங்காடியில் பிள்ளைகள் ஓட்டுகிற பேட்டரி காரைக் கேட்டு நான் நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே சமயத்தில் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நாட்டுக் கடற்கரையில் ஆட்கள் பாய்மரம் கட்டிய மூன்று சக்கர வண்டிகளில் மணல்மேல் பறந்துகொண்டிருந்ததை அப்பா பார்த்தார். பேட்டரி எதற்கு, காற்று சும்மாதானே கிடைக்கிறது என்றார். காற்றைப் போலவே மற்ற எல்லாவற்றையும் சும்மா கிடைப்பதிலிருந்தே எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புக் கட்டில் சட்டமாயிற்று. பழைய இரும்புக் கடையிலிருந்து மாமா கொண்டுவந்த குழந்தை சைக்கிள்களின் சக்கரங்கள் பின்னால் இரண்டும், மண் அள்ளும் தள்ளுவண்டியின் சக்கரம் முன்னால் ஒன்றும் ஆயின. கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மிச்சக் கால்களையும் அறுத்து இருக்கையாக்கினார். பாய்மரத்துக்குக் கம்பம் தேடி, கூரைமேல் நின்ற டிவி ஏரியலின் குழாயை மாமாவை ஏறச்சொல்லிக் கழற்ற வைத்தார். அன்றிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்த நாடகம் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

அம்மா திட்டிக்கொண்டே பாயைத் தைத்துக் கொடுத்தார். நீலத் தார்ப்பாயை முக்கோணமாக வெட்டி ஓரம் மடித்துத் தையல் இயந்திரத்தில் ஓட்டும்போது ஊசி இரண்டு முறை உடைந்தது. உடைந்த ஊசிக்கும், போன நாடகத்துக்கும், போகாத ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டு விழுந்தது. அப்பா முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் வைக்கக் கம்பி பற்றவைத்து, காலாலேயே வண்டியைத் திருப்புவது எப்படி என்று எனக்குக் காட்டினார். இடது காலை நீட்டினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். வலது காலில் கட்டு போட்டிருந்ததால் அவர் அதை மட்டுமே செய்து காட்டினார். அவருடைய பாடத்தில் வண்டி எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பியது.

வண்டி தயாரானதும் வீட்டுக்குப் பக்கத்துத் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தொழிற்சாலை வரப்போகிறது என்று காட்டை அழித்து, தார்ச்சாலையும் போட்டுவிட்டு, யாரும் வராமல் கிடந்த இடம். பாயை ஏற்றியதும் அது ஈரத் துண்டு மாதிரித் தொங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டி நீட்டிப் பார்த்தேன். தூரத்தில் தொழிற்சாலைப் புகைகூட நேராகத்தான் மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஆடி பொறக்கட்டும் மாப்ள. காத்து பிச்சுக்கிட்டு வரும்," என்றார் மாமா. அம்மாவின் அண்ணன் அவர். காப்பிக் கடையில் உட்கார்ந்தபடியே உலகத்தை நடத்துகிறவர். அப்பா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆடி பிறந்தது, காற்று பிறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த நாள் வந்து போனது. ஆடி மாதத்தில் எதையும் ஆரம்பிக்க வேண்டாமே என்று மாமா இழுத்தார். விரலை வெட்டுவது என்ன கல்யாணமா, நல்ல நாள் பார்க்க என்று அம்மா அவர்மேல் பாய்ந்தார். அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "பிள்ளைக்கிட்ட சொல்லிட்டேன். வண்டி ஒரு தடவ ஓடட்டும், மறுநாளே போயிடுறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் காலும் என் வண்டியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டதாக நினைத்தேன். வாசல் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்து, பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அது அசைகிறதா என்று பார்ப்பேன். கோயிலில் கூழ் வாங்கக் கை நீட்டும்போது காற்றைத்தான் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்குள் வேறொரு வாசனை வர ஆரம்பித்திருந்தது. அம்மா இரண்டு வேளையும் ஊதுபத்தி ஏற்றினார்.

ஒரு நாள் விடியற்காலையில் காற்று வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவிலிருந்து எப்போதாவது இப்படி ஒன்று கிளம்பி வரும். கதவுகள் அடித்துக்கொண்ட சத்தத்தில் விழித்து ஓடினேன். கேட்டில் பிளாஸ்டிக் பை படுக்கைவாட்டில் நின்றது. முற்றத்தில் நிறுத்தியிருந்த வண்டியின் பாய் சுருளவிழ்ந்து, வயிறு புடைத்து, வண்டி தானாகவே கேட்டை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா, அப்பா என்று கத்தினேன்.

அப்பா ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். வண்டியைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். துணி காயப்போடும் கயிற்றை அறுத்து, பின்சக்கரத்தைச் சன்னல் கம்பியோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். முடிச்சு இறுகும்வரை விடவில்லை. நான் திடலுக்குப் போகலாம் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இது அந்தக் காத்து இல்லம்மா," என்றார். "இது மழக்காத்து. வண்டிய கவுத்துடும்."

நான் நம்பினேன். மழை கொஞ்ச நேரம் பெய்து ஓய்ந்தது. அதற்குப் பிறகும் காற்று வெயிலோடு சேர்ந்து நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பா பாயைக் கழற்றி மடித்து அலமாரிமேல் வைத்துவிட்டார். அம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அம்மா திட்டவில்லை. உள்ளே போய் அப்பாவுக்குக் காப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

ஆடி முடிவதற்குள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், பிறகு மேலேயும் எடுத்தார்கள். விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்று மாமா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பெட்டியில் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். இடம் போதவில்லை என்று வண்டியைப் பின்பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்தக் காற்று வரவே இல்லையே, அப்பா ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று அம்மாவிடம் கேட்டேன். பேச்சு மாறிவிட்டார் என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட இருந்தது. அம்மா என் வாயைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடினார்.

மார்கழியில் வடகிழக்கிலிருந்து காற்று தொடங்கியது. பகலும் மாலையும் நிற்காமல் வீசுகிற, கனிவான, நீளமான காற்று. மாமா வண்டியைத் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பாயை ஏற்றினார். நான் உட்கார்ந்ததுதான் தெரியும், தார்ச்சாலையில் வண்டி சர்ரென்று கிளம்பிவிட்டது. ஏரியல் குழாய் விசில் அடித்தது. அப்பா காட்டியபடி இடது காலை நீட்டினேன், வலப்பக்கம் திரும்பிப் புல்லில் ஏறி நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாமா சாலை ஓரத்தில் குந்தியிருந்தார்.

"நம்ம ஊரு காத்து இப்பத்தான் வருது, பாப்பா," என்றார் அருகில் போனதும்.

வெகு காலம் நான் ஆடி மாதத்தின்மேல் கோபமாக இருந்தேன். காற்று ஒழுங்காக வந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எனக்கும் இப்போது இனிப்பு நீர். போன மாதம் கிளினிக்கில் டாக்டர் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்.

"மகளுக்குப் பள்ளி லீவு டாக்டர். லீவு முடியட்டும், வந்துடுறேன்," என்றேன். குரல் பிசிறவில்லை. காரணமும் எவ்வளவு நல்ல காரணம்.

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அப்பா அந்தக் காலையில் கயிற்றைக் கட்டியது நினைவுக்கு வந்தது. காற்றுக்காகக் காத்திருந்த மனிதர் வண்டியை அத்தனை முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்க மாட்டார்.