விசில் இல்லாத வண்டி

எங்கள் டிப்போவுக்கு ஒரு நாள் நீல நிற வேன் ஒன்று வந்து, டீசல் போடும் இடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றது. அதற்குள்ளே இன்னொரு பஸ் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் டிரைவர் சீட்டும் ஸ்டியரிங்கும் கியரும் மூன்று பெடலும்தான் இருந்தன. முன்னால் ஒரு திரை, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. சாவியைத் திருப்பினால் என்ஜின் சத்தம் வரும், திரையில் சாலை ஓடும், சீட்டுகூடக் கொஞ்சம் குலுங்கும். எத்தனை வருட சர்வீஸ் ஆனாலும் டிரைவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்து மறுபயிற்சி எடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சிமுலேட்டர் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அது 'வீடியோ கேம் வண்டி' ஆகிவிட்டது.

எல்லோர் சட்டைப்பையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் அது. நான் கண்டக்டர், அந்த வண்டிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நோட்டீஸை இரண்டு தடவை படித்தேன். என் டிரைவரை நினைத்துத்தான்.

என் டிரைவர் என்றுதான் எனக்குச் சொல்ல வரும். காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலிருந்து தாமல் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் பதினோரு வருடம் இருவரும் ஒன்றாக ஓடினோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் முன்கோபி; ஏறுகிறவரோடும் சண்டை, இறங்குகிறவரோடும் சண்டை. அவருக்குக் கோபம் என்று ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும் என்பது எல்லா பஸ்ஸிலும் உள்ள வழக்கம்தான். அவர் அதை வேதமாக வைத்திருந்தார். கோழிக்கூடையோடு ஏற வந்த ஒரு ஆளிடம் நான் கீழே நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, செக்கிங் இன்ஸ்பெக்டரே வந்து வண்டியை எடுக்கச் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. என் விசில் வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேன் வருவதற்கு ஒரு வருடத்துக்கும் மேலே முன்னால், தாமல் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு சாலையின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி ஒதுங்கவே இல்லை, நேராக அவள் மேல் போயிற்று. நான் அன்று முன்படியில் நின்றதால் பார்த்தேன். நான் போட்ட கூச்சலில் அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். புல்லுக்கட்டு வண்டியில் உரசி, படியெல்லாம் புல் சிதறியது. அந்த அம்மா எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும், ஏன் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை என்று கேட்டேன். "எந்த அம்மாபா?" என்றார். கிண்டலுக்குக் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

அன்று ராத்திரி டிரிப் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இடது கண்ணின் ஓரம் சில மாதங்களாக இருட்டிக்கொண்டு வருகிறது. நேரே பார்த்தால் எல்லாம் தெரிகிறது, பக்கவாட்டில்தான் ஒன்றும் தெரியவில்லை. டிப்போவில் அவ்வப்போது நடக்கும் கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். எழுத்து நேரே இருக்கிறது, அதில் மாட்ட மாட்டார். டாக்டரிடம் போகலாம் என்று நான் கெஞ்சினேன்.

"போனா சீட்ட விட்டு எறக்கிடுவாங்கபா. டிப்போல குந்திக்கினு டயர் எண்ண சொல்லுவாங்க. இன்னும் நாலு வருஷம் கூட இல்ல. ஓட்டிட்டு போயிடறேனே" என்றார். இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காத மனிதர் அவர்.

நான் ஒத்துக்கொண்டேன். அடுத்த நாளிலிருந்து பின்படியை விட்டு முன்படிக்கு வந்துவிட்டேன். இடது பக்கம் சைக்கிளோ ஆளோ மாடோ வந்தால் விசிலை உதட்டிலேயே வைத்துக்கொண்டு சின்னதாய் ஒரு ஊது; அது நிற்க அல்ல, ஒதுங்க. அவர் உடனே வலது பக்கம் ஒதுங்குவார். பிள்ளையார்பாளையம் பக்கத்திலிருந்து சாயம் போட்ட பட்டு நூலை ஹாண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் நெசவாளிகளின் சைக்கிள் காலை நேரத்தில் வரிசையாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம் வேறு. விசில் ஓயாது. குருவி மாதிரி கத்திக்கொண்டே வருகிறாயே என்று தினமும் ஏறும் பெண்கள் கேலி செய்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. என்னால்தான் அந்த வண்டி ஓடுகிறது என்ற நினைப்பு. ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும் என்று டாக்டரைத் தள்ளிக்கொண்டே போனோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் தள்ளினோம்.

இந்த நிலைமையில்தான் நீல வேன் வந்தது. அதில் டிரைவர் மட்டும்தான் ஏற வேண்டும், கண்டக்டர் கிடையாது என்று சொன்னார்கள்.

பயிற்சி கொடுக்க வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு இன்ஜினியர் பெண். எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிட்டார். வேனுக்கு வெளியே ஒரு டிவி வைத்திருந்தார்கள். உள்ளே ஓட்டுகிறவர் பார்க்கும் சாலை அதிலும் தெரியும். முதல் இரண்டு நாள் டிப்போவில் நல்ல சிரிப்பு. ஒருவர் ஹாரனை விடாமல் அடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காத இவர்களெல்லாம் எந்த ஊர் ஜனங்கள் என்று கோபித்துக்கொண்டார். சாலையில் ஒரு மாடுகூட இல்லையே என்று இன்னொருவருக்குக் குறை. மலைப்பாதையில் பல வருடம் ஓட்டிய ஆள் ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி இறங்கி வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். நானும் எல்லோரோடும் சிரித்தேன். ஆனால் கண் டிவியிலேயே இருந்தது. எந்த இடத்தில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் தாண்டினால் இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள். பாலம் தாண்டினால் நிற்கிற இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண். அதுவும் இடது பக்கம். எல்லோருக்கும் அதேதான் வந்தது. எல்லோரும் பிரேக் போட்டார்கள்.

மூன்றாம் நாள் அவர் முறை. செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். போகலாம் சார் என்றார் இன்ஜினியர். வண்டி நகரவில்லை.

"விசில் வரலியேமா" என்றார் அவர்.

வெளியே நின்ற கூட்டம் சிரித்தது. இன்ஜினியர் சிரிக்கவில்லை, இந்த வண்டியில் கண்டக்டர் கிடையாது சார், நீங்களே எடுக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் எடுத்தார். கியர் மாற்றுவதும் திருப்புவதும் அத்தனை அழகு, நிஜ ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் போல மெத்தென்று ஓட்டினார். பள்ளிக்கூடம் தாண்டியது. சைக்கிள் வந்தது. அவர் காலை எடுக்கவே இல்லை. டொம் என்று ஒரு சத்தம், படம் நின்று சிவப்பாக எழுத்து வந்தது. மறுபடி ஓடவிட்டார்கள். லாரிகளுக்கு நடுவில் அந்தப் பெண் இறங்கினாள். மறுபடியும் டொம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வீடியோ கேம்தானே, பெரியவருக்குப் பழக்கமில்லை என்று யாரோ சமாதானம் சொன்னார்.

முதல் தடவை சரியாக வராதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. இன்ஜினியர் அதைச் சொன்னதும் அவர், விசில் இல்லாமல் ஓட்டிப் பழக்கமில்லை, என் கண்டக்டர் வாசலில்தான் நிற்கிறார், பின்னால் வந்து நிற்கட்டுமா என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இன்ஜினியர் யோசித்துவிட்டு, தினமும் வேலை செய்கிற மாதிரியே செய்யட்டும் என்று சரி சொல்லிவிட்டார்.

ஏறி அவர் சீட்டுக்குப் பின்னால் நின்றேன். மூன்று திரையும் தெரிந்தது. "ரைட் குடுபா" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு விசில் அடித்தேன். வண்டி கிளம்பியது. பள்ளிக்கூடம் வந்தது, சைக்கிள் வந்தது, வழக்கம்போலச் சின்னதாய் ஒரு விசில் போயிற்று. அவர் ஒதுங்கினார். கழுத்தைக் கொஞ்சம்கூடத் திருப்பாமல், அத்தனை நம்பிக்கையாக ஒதுங்கினார். அப்போதுதான் அவரைக் கவனித்தேன். நிஜ வண்டியில் நான் எப்போதும் சாலையைத்தான் பார்த்திருக்கிறேன், அவரைப் பார்த்ததில்லை. என் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வருகிறவரைப் போல அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நாள் தும்மல் வந்தால்? ஒரு நாள் கோழிக்கூடைக்காரனோடு சண்டையில் இருந்தால்?

பாலம் வந்தது. லாரிகள் தெரிந்தன. கைக்குழந்தைக்காரி இடது திரையில் சாலையில் காலை வைத்தாள். விசில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது. ஊத மூச்சும் இருந்தது. பதினாலு மாதமாக யோசிக்க நேரமில்லாமல் ஊதிவிட்டேன். யோசித்தால் யாராவது செத்துப்போவார்கள். இந்த வண்டியில் யாரும் சாகப்போவதில்லை. அதனால் முதல் முறையாக யோசித்தேன். ஊதவில்லை.

டொம்.

அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். திரையைப் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்க இடது பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பாத்தியா நீ?"

"பாத்தேண்ணா."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். இன்ஜினியர் என்னைக் கேட்டார், முன்னே சைக்கிளுக்கு விசில் அடித்தீர்களே, இதற்கு ஏன் அடிக்கவில்லை என்று. எனக்குப் பதிலாக என் டிரைவரே சொன்னார்.

"அவரு கரெக்டாதாம்மா பண்ணாரு. ரைட் குடுக்கறதுதான் அவரு வேல. பாக்கறது என் வேல. எழுதிக்கமா, எனக்கு எடது கண்ணு ஓரம் தெரியல."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் கொடுத்தார். எழுத்துப் பலகையில் இது தெரியாது, இதற்கு வேறு பரிசோதனை இருக்கிறது, நாளைக்கே போங்கள் சார் என்றார். திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. அந்தப் பெண் நல்லா இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் காமாட்சியம்மன் சன்னதியில் நிற்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணில் அழுத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போன பார்வை வராது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாம், வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, முன்பே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்தனை மாதம் விசில் அடித்து நான் காப்பாற்றியது அவர் சீட்டை. கண்ணை அல்ல. டிப்போவில், வண்டி வரும் போகும் நேரம் எழுதும் டைம் ஆபீஸில் அவரைப் போட்டார்கள். டயர் எண்ணச் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். என்னிடம் ஒரு நாளும் முகம் கோணவில்லை. கோணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு வேனிலிருந்து இறங்கியதும் நேரே எங்கள் பஸ்ஸுக்குத்தான் போனார். மதியம் இரண்டு பத்து மணி டிரிப்புக்கு அது தயாராக நின்றது. டிரைவர் சீட்டின் முதுகில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டார். நான் பின்னாலேயே அழுதுகொண்டு போனேன்.

"அழுவாதபா. டூட்டில இருக்கற, ஜனங்க பாக்கறாங்க" என்றார். டிப்போ கேட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

மாற்று டிரைவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர். இரண்டு விசில் அடித்தேன், வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. சாலையின் இடது ஓரத்தில், தோளில் துண்டோடு அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். என்னை அறியாமல் விசில் உதட்டுக்குப் போய்விட்டது. நான் ஊதுவதற்குள் புது டிரைவர் லேசாக ஒரு ஹாரன் கொடுத்து, வண்டியை வலது பக்கம் நன்றாக ஒதுக்கி, அவரைத் தாண்டிப் போனார்.