பெரகிரினுக்கு நான் சொன்ன கருத்து

பிறந்து முப்பத்தொரு நாளே ஆன ஒரு குழந்தையைப் பார்த்து வயிறெரிந்த ஆள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருடம் மாசி மாதம், மானிப்பாயில், எங்கள் எதிர்வீட்டில் நடந்தது இது.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்வதற்கு மிச்சம் இருக்காது. எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுந்தெருவில், குழந்தை பிறந்தால் ஐயர் நட்சத்திரம் பார்த்துப் பெயரின் முதலெழுத்தைக் கொடுப்பார். அந்த எழுத்தோடு நேரே என் வீட்டுக்கு வருவார்கள். அகராதியும் நிகண்டும் வாங்கி அடுக்கியிருப்பவன் இங்கே நான் ஒருவன்தான். நாலைந்து பெயர் எடுத்துக் கொடுப்பேன். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவில், சபை நடுவே எழுந்து நின்று பெயருக்குப் பொருள், அதாவது கருத்துச் சொல்வதும் நானே. சம்பளம், ஒரு தட்டில் வடையும் மோதகமும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் உயிர் வாழ்கிறேன் என்பது மனைவியின் கணிப்பு.

எதிர்வீட்டுக்காரர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஒரே ஒழுங்கைதான், அவர் கிணற்றில் நல்ல தண்ணீர், என் கிணற்றில் சவர். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவருடைய மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருமகன் வல்வெட்டித்துறை ஆள், சரக்குக் கப்பலில் வேலை, அப்போது நடுக்கடலில் இருந்தார். ஐயர் கொடுத்த எழுத்து ‘பே’ என்று கேள்விப்பட்டதும் பேரின்பன், பேரருளாளன் என்று எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்தார். துடக்குக் கழிவுக்கு அழைக்கத்தான் வந்தார்.

“பேர் வைச்சாச்சு. மருமகன் கப்பலிலையிருந்து சொல்லிப்போட்டார். பெரகிரின். ‘பே’யைக் கொஞ்சம் குறுக்கினால் சரிதானாம், ஐயரும் ஓமெண்டிட்டார்.”

ஐயருமா!

அன்று முழுக்க இணையத்தைத் தோண்டினேன். இங்கிலாந்தில்கூட அபூர்வமான பெயராம். எந்தக் காலத்திலும் பெருவாரியாக வைத்ததில்லை, சில பழைய குடும்பங்கள் மட்டும் விடாமல் வைத்திருக்கின்றன. வேர் லத்தீன். முதலில் வேற்றூரான், ஊர் விட்டு ஊர் போகிறவன் என்று கருத்து. கிறிஸ்தவம் பரவிய பிறகு யாத்திரீகன் என்று ஆகி, புனிதர்கள் சிலர் அந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். கூட்டில் எடுக்காமல், வலசை போகும் வழியில் பிடித்துப் பழக்கிய ஒரு வல்லூறுக்கும் அதே பெயர். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல் கூடியது. நான் எடுத்து வைத்த பேரின்பனுக்கு இப்படி ஒரு சரித்திரம் இல்லை.

ஆகவே, துடக்குக் கழிவன்று பந்தலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னேன்: “கருத்துத் தெரியுமோ? ஊர் ஊராய்த் திரியிற நாடோடி.” யாத்திரீகனையும் வல்லூறையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் செய்திக்குக் கால் முளைக்க அதிக நேரம் எடுக்காது. பாயசம் வருவதற்குள் அது குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் காதுக்குப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். “எழும்பும் ஐசே. பேர் ஆர் வைச்சாலும் கருத்துச் சொல்லுறது நீர்தானே. உம்மை விட்டிட்டு இந்த வீட்டிலை ஒண்டும் நடக்காது.”

எழுந்தேன். சபை என்னைப் பார்த்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த அவர் மகளின் கண் கலங்கியிருந்தது. அவள் கையில் இருந்த போனில் புருஷனின் முகம்.

“அங்கிள், நாடோடி எண்டோ கருத்து? குசினிக்குள்ளை எல்லாரும் அப்பிடித்தான் கதைக்கினம்.”

போனில் இருந்தவர்தான் சிரித்தார்.

“ஓம் அங்கிள், அதுதான் கருத்து, பாத்தனான். தேப்பன் நானும் அதுதானே! போன முறை இங்கிலாந்துப் பக்கம் புயலுக்குள்ளை எங்கடை எஞ்சின் நிண்டுட்டுது. முடிஞ்சுதெண்டு இருக்க, ஒரு சின்ன இழுவைப் படகு வந்து எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. அதின்ரை நெத்தியிலை இந்தப் பேர் கிடந்தது. எங்கடை ஊரிலை பிள்ளையின்ரை பேரைப் படகுக்கு வைப்பினம். நான் மாறி வைச்சிட்டன்.”

பந்தலில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கி போனுக்குக் காட்டினாள். “யாத்திரீகன் எண்டும் ஒரு கருத்து இருக்கு…” என்று நான் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. பாயசம் வந்துவிட்டது.

அவர்கள் அந்தப் பிள்ளையைக் கூப்பிடும் சத்தம் இன்றைக்கும் ஒழுங்கையில் கேட்கும்போது, தெரிந்ததில் பாதியை மட்டும் எடுத்துச் சொல்வது எவ்வளவு கெட்ட வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். இவ்வளவு நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறும் இன்னும் கொஞ்சம் எரிகிறது.

இதை மனம் திறந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“உதெல்லாம் சரி, இஞ்சாருங்கோ. எண்சாத்திரம் பாத்து, எழுத்தைக் கூட்டிக் குறைச்சு எங்கடை மூத்தவனுக்கு ஒரு பேர் வைச்சியளே, அதுக்கு ஏதும் கருத்துக் கண்டுபிடிச்சியளோ?”