காயடித்த குட்டியின் காது

காயடிக்கிற தொழிலில் குட்டி கத்துவது ஒரு நிமிஷம், குட்டிக்குச் சொந்தக்காரர் கத்துவது ஒரு வருஷம். ஆடு வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் என்னைப் போல ஒரு கிடாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கா நாளைக்கா, நசுக்கவா வெட்டவா என்று முழித்திருப்பீர்கள். எழுபத்தொன்பதில், கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியர் கந்தோரில் எனக்கு உதவியாள் வேலை கிடைத்தது. டொக்டர் கிழமையில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் ஒரு பெரிய இரும்பு இடுக்கியும்தான்.

வயதுக் கணக்கு

எந்த வயதில் காயடிப்பது என்பதில் முதல் நாளே எனக்குக் குழப்பம். பயிற்சியில் எழுதிய கொப்பியில் மூன்று மாதம் என்று இருந்தது. டொக்டர் நாலு மாதம் என்பார். முந்தினால் மூத்திரக் குழாய் முற்றாமல் பிறகு அடைத்துக்கொள்ளுமாம். எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவரோ, பிந்தினால் கிடாய் நாற்றம் கறியில் ஊறிவிடும், இரண்டு மாதத்திலேயே முடித்துவிடு என்று சொல்லிவிட்டுப் பென்ஷனில் போய்விட்டார்.

சவளக்கடையில் வயல் செய்கிற இஸ்மாயில் காக்கா ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எத்தனை மாதம் என்று கேட்டேன். வெள்ளாமை கதிர் வந்த நேரம் பிறந்தது என்றார். மேட்டு வயலா, பள்ளத்து வயலா? மேட்டு வயல்தான், ஆனால் முதல் விதைப்பு தண்ணீரில் அழுகி மறுபடி விதைத்ததாம். விரல் விட்டு எண்ணினேன். ஒரு தடவை இரண்டு மாதம் வந்தது, இன்னொரு தடவை ஐந்து வந்தது. காக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "இஞ்ச பாருங்க தம்பி, எனக்கும் தெரியா, உங்களுக்கும் தெரியா. ஆட்டுட்டயே கேட்டுப் பாருங்க!"

இரண்டு தடவை

இடுக்கியில் ஒரு வசதி உண்டு. தோல் கிழியாது, இரத்தம் வராது, உள்ளே இருக்கிற நரம்பு மட்டும் நசுங்கும். தொல்லையும் அதுதான், வேலை முடிந்ததா இல்லையா என்று வெளியில் தெரியாது.

ஒரு வீட்டில் புருஷனும் மனைவியும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். காலையில் புருஷன் கறுப்புக் குட்டி ஒன்றைக் கொண்டு வந்தார், நசுக்கி அனுப்பினேன். பின்னேரம் மனைவி அதே குட்டியைக் கொண்டு வந்தார். கொஞ்சம் வீங்கியிருந்தது. நல்ல வளர்த்தியான குட்டி என்று நினைத்து மறுபடியும் நசுக்கினேன். விஷயம் தெரிந்ததும் டொக்டர் என்னை ஏசிவிட்டு, இனிமேல் வேலை முடிந்த குட்டிக்கெல்லாம் காது நுனியில் நகமளவு வெட்டி அடையாளம் போடச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத்தான் கோபம் ஆறவில்லை. "அந்த மனிசன் என்னோட கதைக்கல்ல, சரி. நீங்களாவது ஒரு கத செல்லியிரிக்கலாமே!"

குறையா, இல்லையா?

ரஹீமா ராத்தா பன்பாய் இழைத்துச் சீவித்தவர். புருஷன் மவுத்தாகிப் பல வருஷம். ஆயுளில் ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்காவது தன் வீட்டு வாசலில் ஆடு அறுத்துக் குர்பான் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்கென்றே ஒரு வெள்ளைக் கிடாய்க்குட்டியை வளர்த்தார். குர்பான் கொடுக்கிற பிராணியில் குறை இருக்கக் கூடாது. காயடித்தால் அது குறையா? அடிக்காமல் விட்டால் ஊர்ப் பெட்டையாடுகளைத் துரத்தியே மெலிந்து போகுமே?

எனக்கு எதற்கு வம்பு என்று அவரைப் பள்ளிவாசல் லெவ்வையிடம் அனுப்பினேன். லெவ்வை, உடம்புக்கு அது குறைதானா என்று கந்தோரில் கேட்டு வரச் சொல்லி என்னிடமே திருப்பி அனுப்பினார். இப்படி மூன்று நடை. கடைசியில் நானும் கூடப் போனேன். லெவ்வை கிதாபைப் புரட்டினார். காயடித்தது குறையில்லை, தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு வயது முடிய வேண்டும். குருடு, நொண்டி, காது அறுந்தது ஆகாது என்றார். எல்லாம் தெரிந்தவன் போல நானும் தலையாட்டினேன். வெளியே வந்ததும் ராத்தா சொன்னார்: "இத மொதல்லயே செல்லியிருந்தா நான் ரெண்டு பாய் இழச்சிருப்பனே!"

காது

மறுநாள் ராத்தாவின் குட்டியை மிகக் கவனமாகச் செய்தேன். இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை. குட்டி அதிகம் கத்தக்கூட இல்லை. நல்ல வேலை என்று எனக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு, கை தன்பாட்டில் கத்தரிக்கோலை எடுத்துக் காது நுனியை வெட்டிவிட்டது. வெட்டிய துண்டு விரலில் ஒட்டியிருக்கும்போதுதான் லெவ்வை சொன்னது ஞாபகம் வந்தது. ராத்தா என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "கீழ என்னத்தயும் செய்யலாம் எண்டு லெவ்வயே உட்டுட்டாரு. காத ஏன் தம்பி தொட்டீங்க?"

எனக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. என் வீட்டில் நின்ற குட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு, காது வெட்டியதை நான் வைத்துக்கொண்டேன். என் குட்டி இரண்டு மாதம் இளையது. நினைத்த பெருநாளுக்கு அதற்கு இரண்டு வயது முடியாது. ராத்தாவின் குர்பான் ஒரு முழு வருஷம் தள்ளிப்போனது. அதற்கு அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் குட்டிக்கும் காயடிக்கிற வயது வந்தபோது, டொக்டர் வருகிற நாளைப் பாராமல் ராத்தா என்னிடமே கொண்டு வந்தார். நான் இடுக்கியை எடுத்ததும், குட்டியின் தலைப்பக்கம் குந்தி, அதன் இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டார். "நீங்க உங்கட வேலயப் பாருங்க தம்பி. இது ரெண்டும் என்ட கையிலயே இரிக்கட்டும்."

பத்து வருஷம் அந்த இடுக்கியைப் பிடித்த எனக்கு, எந்த வயதில் காயடிப்பது என்பது இன்றைக்கும் நிச்சயமில்லை, எந்த இடத்தைத் தொடக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.