இரைச்சலை அடக்கிய வயர்

கடல் நடுவே தீவில் இருக்கிற ஹேடோ துறைமுகத்தில், கப்பல் சரக்கைத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் 1973-இல் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் தன் கையால் பிரீஆம்ப்ளிஃபயர் கட்டியவன் இந்த ராஜமாணிக்கம் ஒருவன்தான். வேறு எவனாவது கட்டியிருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

மைக்கில் வரும் மெல்லிய குரலைத் தூக்கிப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டி அது. மெட்ராஸ் கடை ஒன்றுக்கு எழுதிப்போட்டு, உதிரி சாமான்களைக் கப்பலில் வரவழைத்தேன். கூட வந்த தாள் முழுக்க இங்கிலீஷ். எனக்கு எழுத்து எதற்கு? படத்தைப் பார்த்தேன், ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைப் பார்த்தேன், ஈயம் வைத்தேன். அத்தனையையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினேன்.

பெட்டி பேசியது. கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

"உள்ள வண்டு பூந்துக்கிச்சா? இல்ல, என் பாட்டுக்கு இதான் சுருதியா?" என்றாள் என் மனைவி அலமு. துறைமுகத் தொழிலாளர் பொங்கல் விழாவில் அவள்தான் பாட இருந்தாள்.

ரோஷம் வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்தேன். வயர்களை முறுக்கினேன். கண்டென்சரை மாற்றினேன். மூன்று வாரம் வண்டு சாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்டு வருகிற இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து தகரத்துக்கு ஒரு துண்டு வயரை இழுத்துப் பற்றவைத்தேன். கத்தியால் வெட்டியதுபோல் இரைச்சல் நின்றது. டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஷாக் ஒன்றும் இல்லை. எங்கள் வீடு கட்டைக்கால்மேல் நிற்கிற பலகை வீடு. தரையும் காய்ந்த பலகை, அதன்மேல் நின்றால் ஷாக் தெரியாது. அதை நான் யோசிக்கவில்லை.

பொங்கலன்று காலையில் மழை கொட்டிவிட்டது. மேடை கிடையாது, தார்ப்பாய்க்கு அடியில் சேறுதான். ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு பிளக்கைச் செருகி, "ஹலோ, ஹலோ" என்றேன். குரல் கண்ணாடிபோல் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒலிபெருக்கி ஹாரனைச் சரிசெய்ய ஏணியில் ஏறினேன்.

கீழே டீக்கடை அப்துல் ஜப்பார் எனக்கு டீ கொண்டுவந்தார். வெறுங்கால். ஈரக் கையைப் பெட்டிமேல் வைத்தவர் துள்ளி விழுந்தார். கிளாஸ் உடைந்தது.

"அரே மாணிக்கண்ணே! பொட்டி கடிக்குது!"

"பாய், டீயில சீனி ஜாஸ்தி, எறும்பு கடிச்சிருக்கும்!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்த பிளக்குக்கு இரண்டே முள், எப்படியும் செருகலாம். வீட்டில் தகரத்தோடு சேர்ந்திருந்தது கரண்டு திரும்பிப் போகிற கம்பி. இங்கே நான் மாற்றிச் செருகியிருந்தால், கரண்டு வருகிற கம்பியே தகரத்தில். தகரத்திலிருந்து மைக்குக்கு. மைக்கிலிருந்து இரும்பு ஸ்டாண்டுக்கு.

அலமு ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். செருப்போடு அவள் ஒருநாளும் பாடியதில்லை.

"அலமு! தொடாதே!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "இவரு மைக்காம், நான் தொடக்கூடாதாம்!" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. மறுபடியும் சிரிப்பு.

"பாய், பிளக்கைப் புடுங்கு! ஜல்தி!"

"நானா? என் பொண்டாட்டி புள்ளைய நீயா பாப்பே?"

அலமுவின் கை நீண்டது. நான் ஏணியிலிருந்து குதித்தேன். முழங்கால் சேற்றில் குத்தியது. விழுந்த வாக்கிலேயே வயரை எட்டி இழுத்தேன். பிளக் என் கையோடு வந்துவிட்டது. தலையைத் தூக்கினால், அவள் விரல்கள் ஸ்டாண்டைச் சுற்றியிருந்தன. அவள் பிடித்தது முன்னாலா, நான் இழுத்தது முன்னாலா? சேற்றில் கிடந்தபடியே அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னங்க இது, இப்படியா விழுவீங்க?" என்றாள்.

"மைக் பந்த்! மைக் நின்னுபோச்சு!" என்று கூட்டம் கத்தியது. யாரையும் பார்க்காமல் டின்னைத் திறந்து, அந்தத் துண்டு வயரை வெட்டி எறிந்தேன். "தப்பு என்னோடது," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான்.

பிளக்கைச் செருகி, டின்னில் டெஸ்டர் வைத்தேன், விளக்கு எரியவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகியும் பார்த்தேன், எரியவில்லை. அப்போதும் மனம் நம்பவில்லை. கம்பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றேன். டன் கணக்கில் படாக் மரத்தைக் கொக்கியில் தூக்கிக் கப்பலுக்குள் இறக்கியவன், ஒரு பிஸ்கட் டின்னுக்குப் பயந்தேன். முதலில் புறங்கையால் ஸ்டாண்டைத் தொட்டேன். பிறகு முழுக் கையால் பிடித்தேன். கடிக்கவில்லை.

"வண்டு திரும்ப வந்திருச்சே," என்றாள் அலமு.

"இருக்கட்டும் அலமு. நீ பாடு."

நன்றாகப் பாடினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. பாட்டு முடியும்வரை இரண்டு கையாலும் பிளக் வயரைப் பிடித்தபடி, சேற்றில் இருந்த அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.