மார்ச் மாசத்துக் கட்டடம்

டெல்லிக்குப் போகணும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லாத வருஷம் இல்ல. கோட்டை, கல்லறை, மினார் எதுவும் அவருக்கு வேண்டாம். நம்ம காலத்துல கட்டின கட்டடங்களைத்தான் பாக்கணும். சிவகாசியில எங்களுக்குச் சின்னதா ஒரு காலண்டர் பிரஸ். சாமிப் படமும் குழந்தைப் படமும் எல்லாரும் கேப்பாக. சிமெண்ட் கடைக்காரவுகளும் கம்பிக் கடைக்காரவுகளும் மட்டும் கட்டடப் படம் கேப்பாக. அவுகளுக்குன்னு மாசத்துக்கு ஒரு தாளா டெல்லிக் கட்டடங்கள் வச்சிருந்தோம். அதுல மார்ச் மாசத்துக்கு ஒரு கண்காட்சி மண்டபம். பூராவும் கான்கிரீட்டு, பூராவும் முக்கோணம், சமோசாவை அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். "நடுவுல ஒரு தூண் இல்லாம எப்படி நிக்குது? உள்ள போய் நின்னு அண்ணாந்து பாக்கணும் புள்ள"ம்பார். மிஷின்ல அந்தத் தாள் ஓடும்போது மட்டும் ஒண்ணை உருவி வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பார்.

போயிருக்கலாம். ஆனா ஆடிப்பெருக்குக்குக் கடைக்காரவுகளுக்குக் காட்டப் புது மாதிரி ஆல்பம் போடணும், அப்புறம் ஆர்டர், தீபாவளி தாண்டினா ராப்பகலா மிஷின், பொங்கல் வரைக்கும் லோடு. சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்னே இருந்தோம். அது முடிஞ்சா பிள்ளைக கல்யாணம், புது மிஷின்னு ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும்.

கடைசியில சர்க்கரை கண்ணுல இறங்கிருச்சு. மதுரை டாக்டர் ஊசி போட்டுப் பாத்துட்டு, மிச்சம் இருக்கிற பார்வையும் ரொம்ப நாளைக்கு நிக்காதுன்னுட்டார். வெளிய வந்ததும் இவர், "டெல்லிக்கு டிக்கெட் போடு"ன்னார். ஆர்டர் குவிஞ்சு கிடந்த நேரம். சீசனாவது மண்ணாவதுன்னு போட்டேன்.

அங்கன முதல் நாள் தாமரை மாதிரி ஒரு வெள்ளைக் கட்டடம் பாத்தோம். வெயில்ல பளிச்சுன்னு இருந்ததால அவருக்கு நல்லாத் தெரிஞ்சது. "இதழ் இதழாத் தெரியுது புள்ள"ன்னு ஒரே சிரிப்பு. அவர் அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. மறுநாள் மண்டபத்துக்குக் கிளம்பினோம். சம்பந்தி வீட்டுக்குப் போறவர் மாதிரி ஆட்டோவுல உக்காந்து காலரைச் சரி பண்ணிக்கிட்டே வந்தார்.

இறங்கின இடத்துல கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு நிக்குது. முக்கோணத்தையே காணோம். இடம் மாறி வந்துட்டோமோன்னு, போன்ல இருந்த எங்க காலண்டர் படத்தை வாட்ச்மேன்கிட்ட காட்டினேன். அவர் இல்லைன்னு தலையாட்டிட்டு, உள்ளங்கையைத் தரையைப் பாக்க அமுக்கிக் காட்டினார். அவர் பேசினதுல எனக்குப் பிடிபட்டது, இடிச்சு வருஷக்கணக்காச்சாம்.

அல்லாவே! இந்த வருஷமும் அடிச்சு அனுப்பியிருக்கோமே! ஆமத்தூர் சிமெண்ட் கடைச் சுவத்துல தொங்குதே! அடுத்த வருஷத்துக்கும் ஊர்ல அதே தாள் ஓடிக்கிட்டிருக்கு. எங்க தொழில்ல ஒரு படத்தை வாங்கிட்டா அம்புட்டுத்தான், தேதியை மட்டும் மாத்தி மாத்தி அடிப்போம். தாள்ல நிக்கிறது தரையில நிக்குதான்னு எவன் பாத்தான்? எனக்கு வந்த ஆத்திரம் இடிச்சவுக மேலயா, எங்க மேலயான்னு சொல்லத் தெரியல.

"என்ன சொல்றார்?"ன்னார் எங்க வீட்டுக்காரர். இதுதாங்க அதுன்னு சொல்லிறலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா அவர் உள்ள போகணும்பாரே. இருந்ததை இருந்தபடி சொல்லிட்டேன்.

அவர் சத்தம் போடல. "எப்ப இடிச்சாகளாம்?"

"ரொம்ப வருஷம் ஆச்சாம்ங்க."

"அப்பல்லாம் எனக்குக் கண்ணு நல்லாத்தான இருந்துச்சு."

நான் போன்ல இருந்த படத்தை அணைச்சேன். அவரே மேல சொன்னார். "கடைசி வரைக்கும் அதைப் பேப்பர்லதான் பாத்திருக்கேன். இனிமே பேப்பர்லயும் தெரியாது."

"வேற கட்டடம் நெறைய இருக்குங்க, போவமா?"ன்னு கேட்டேன்.

"போவோம்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "நீ பாத்துச் சொல்லு."